வளாகத்தில் பசுமை எவ்வளவு? ட்ரோன் கொண்டு அளக்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு

ஒரு பல்கலைக்கழகம் தன் அறிக்கையில் "வளாகத்தின் 60 சதவீதம் பசுமை" என்று எழுதியிருந்தால், அந்த 60 எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் கதை எளிது. மொத்தப் பரப்பிலிருந்து கட்டடங்களைக் கழித்தார்கள், மிச்சத்தைப் பசுமை என்று போட்டுவிட்டார்கள். அந்த மிச்சத்தில் வண்டி நிறுத்துமிடமும் உண்டு, சிமென்ட் முற்றமும் உண்டு, புல்லே முளைக்காத மைதானமும் உண்டு.

ட்ரோன் எடுத்த வரைபடம் கையில் இருந்தால் இப்படி மழுப்ப முடியாது. ஒவ்வொரு மரத்தின் தலையும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் ட்ரோன் தருவது படம் மட்டும்தான், எண்ணை நாம்தான் எடுக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பறக்கவிடுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அது ஒரு நாள் வேலை. எதைப் பசுமை என்று எண்ணுவது, எண்ணியது சரியா என்று பார்ப்பது, இந்த இரண்டும்தான் வாரக்கணக்கில் இழுக்கும். இந்தக் கட்டுரையும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

படி 1: எதை எண்ணப் போகிறோம் என்று எழுதுங்கள்

ட்ரோன் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு பக்கம் எழுதி முடியுங்கள். வளாக எல்லை எது? எல்லைக்குள் இருக்கும் ஏரியோ குளமோ மொத்தப் பரப்பில் சேருமா? சுற்றுச்சுவருக்கு வெளியே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான காலி நிலம்? சதவீதம் என்பது வகுத்தல் கணக்கு. மேலே இருக்கும் எண்ணில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள், கீழே இருப்பது சத்தமில்லாமல் மாறிவிடும்.

அடுத்தது, பசுமையை எத்தனை வகையாகப் பிரிப்பது. தரவரிசைக்காகச் செய்கிறீர்கள் என்றால் வகைகள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய யுஐ கிரீன்மெட்ரிக் தரவரிசை, காடு போன்ற தாவரப் பரப்பு, நட்டு வளர்த்த தாவரப் பரப்பு, இவை இரண்டும் போக மழைநீர் இறங்கும் நிலப் பரப்பு என்று தனித்தனியாகக் கேட்கிறது. மூன்றையும் ஒரே 'பசுமை' என்று அளந்துவிட்டுப் பிறகு பிரிக்க உட்கார்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒரு சிக்கலை மட்டும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். தார் போட்ட வண்டி நிறுத்துமிடத்தின் மேல் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று குடை விரித்து நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் முழுக்கப் பச்சை. கீழே ஒரு சொட்டு மழைநீர் மண்ணில் இறங்காது. இது பசுமையா, தாரா? என் யோசனை: இரண்டு அடுக்காக வரையுங்கள். ஒன்று மர நிழல் அடுக்கு, அதாவது மரத் தலைகள் மூடும் பரப்பு, இன்னொன்று தரை அடுக்கு. இரண்டையும் கூட்டினால் 100ஐத் தாண்டும், தாண்டட்டும். நிழல் பற்றிய கேள்விக்கு முதல் அடுக்கு பதில் சொல்லும், நீர் பற்றிய கேள்விக்கு இரண்டாவது. ஒரே அடுக்கில் இரண்டையும் திணிப்பவர்கள்தான் பிறகு கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 2: ட்ரோன் உண்மையிலேயே தேவையா?

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஒரே இடத்தை ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கின்றன. ஆனால் அதன் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர். ஆறு மீட்டர் அகலத் தலை கொண்ட மரம் ஒரு பிக்சலுக்குள்ளேயே கரைந்துவிடும். வளாகம் சில ஆயிரம் ஏக்கர், பத்து ஆண்டில் பசுமை கூடியதா குறைந்ததா என்பது மட்டும் போதும் என்றால் செயற்கைக்கோளோடு நிறுத்திக்கொள்ளலாம். மரங்களைத் தனித்தனியாக எண்ண வேண்டும், உயரம் வேண்டும், கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் சிறு துண்டுப் பசுமையும் கணக்கில் வர வேண்டும் என்றால் ட்ரோன்.

படி 3: அனுமதி

விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தை நேரடியாகப் படியுங்கள், கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். பல நாடுகளில் பொதுவாக இருப்பவை சில: தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடிக்கு மேல் போகக் கூடாது, ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்க வேண்டும், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தனி அனுமதி வேண்டும், 250 கிராமுக்கு மேல் எடை போனால் கட்டுப்பாடு கூடும்.

அரசு அனுமதி கிடைத்தாலும் வளாகத்துக்குள் இன்னொரு வேலை இருக்கிறது. விடுதி ஜன்னல் பக்கம் கேமரா பறந்தால் மாணவர்களுக்குக் கோபம் வரும், வருவது நியாயம். எந்த நாள், எந்த நேரம், எதற்காக, படங்கள் யாரிடம் இருக்கும் என்று சில நாட்களுக்கு முன்பே அறிவிப்பு ஒட்டிவிடுங்கள். கேமரா நேர்கீழாகவே பார்க்கும் என்பதையும் எழுதுங்கள். பாதுகாவலர்களுக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் வரிசை பறந்து முடிவதற்குள் வந்து நிறுத்திவிடுவார்கள்.

படி 4: கருவி

முதல் முறைக்குச் சாதாரண வண்ணக் கேமரா ட்ரோன் போதும். வரைபடத்துக்கு வாங்குவதாக இருந்தால் மெக்கானிக்கல் ஷட்டர் உள்ளதைத் தேடுங்கள். படத்தை வரிசை வரிசையாகப் பதிவு செய்யும் ரோலிங் ஷட்டரில் ட்ரோன் நகர்ந்துகொண்டே எடுக்கும் படம் லேசாகச் சாயும். தானாகப் பாதை போட்டுப் பறக்கும் செயலி அந்த மாடலுக்கு வேலை செய்யுமா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். கையால் ஓட்டி வரைபடம் எடுக்க முயற்சி செய்யாதீர்கள், நடுவில் ஓட்டை விழும்.

கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும் பல்நிறமாலைக் கேமரா இருந்தால் செடியின் ஆரோக்கியம் வரை பார்க்கலாம். அது எங்கே உண்மையில் உதவுகிறது என்பதை ஏழாம் படியில் சொல்கிறேன். லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் கருவி மரத்துக்கு அடியில் உள்ள தரையையும் பார்க்கும், ஆனால் தொடங்குபவர்களுக்கு அது அவசியமில்லை.

படி 5: உயரம், ஓவர்லாப், நேரம்

இங்கே கொஞ்சம் கணக்கு. ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள, சென்சாரின் அகலத்தைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, அதைக் குவியத் தூரமும் படத்தின் பிக்சல் அகலமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுக்க வேண்டும். வரைபட வேலைக்குப் பலரும் பயன்படுத்திய பேன்டம் 4 ப்ரோ ட்ரோனை எடுத்துக்கொள்வோம். சென்சார் அகலம் 13.2 மி.மீ., குவியத் தூரம் 8.8 மி.மீ., பட அகலம் 5472 பிக்சல். 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் 2.74 செ.மீ. ஒரு படம் தரையில் 150 மீட்டருக்கு 100 மீட்டர் பிடிக்கும்.

படங்களைத் தைத்து ஒரே வரைபடமாக்க, ஒரு படம் அடுத்த படத்தின் மேல் நிறைய ஏறியிருக்க வேண்டும். மரங்கள் நிறைந்த இடத்தில் முன்பின்னாக 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் ஓவர்லாப் வையுங்கள். இலைகள் காற்றில் ஆடுவதால் மென்பொருளுக்குப் பொருத்தம் கண்டுபிடிப்பது கடினம், அதனால் இதற்குக் கீழே இறங்காதீர்கள். அப்படியானால் 20 மீட்டருக்கு ஒரு படம், வரிசைக்கு வரிசை 45 மீட்டர் இடைவெளி. ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 11 படங்கள். 50 ஹெக்டேர் வளாகத்துக்கு 550 படங்களும், ஓரங்களுக்குக் கொஞ்சம் கூடுதலும். பேட்டரி எத்தனை, நினைவட்டை எவ்வளவு, கணினிக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் வரும்.

இன்னும் தெளிவு வேண்டும் என்று 60 மீட்டருக்கு இறங்க ஆசை வரும். பிக்சல் 1.6 செ.மீ. ஆகும், படங்களோ இரண்டே முக்கால் மடங்காகும். மர நிழலை அளக்க 2.74 தாராளம்.

நேரம் என்று பார்த்தால் உச்சி வேளைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம். நிழல் குட்டையாக இருக்கும். மெல்லிய, ஒரே சீரான மேகம் இருந்தால் நிழலே விழாது, வண்ணப் படத்துக்கு அது நல்ல நாள். ஆனால் விட்டுவிட்டு மறைக்கும் மேகம் மோசம், ஒரே புல்வெளி இரண்டு நிறமாகப் பதிவாகும். தூங்குமூஞ்சி மரம் நிறைந்த வளாகம் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். அதன் இலைகள் மாலையிலும் மப்பு மந்தாரத்திலும் மடங்கிக்கொள்ளும், அப்போது எடுத்தால் தலை மெலிந்து தெரியும். இலையுதிர்க்கும் மரங்கள் அதிகம் என்றால் எந்த மாதம் பறக்கிறீர்கள் என்பதே முடிவை மாற்றிவிடும். கோடையில் புல் காய்ந்திருக்கும், மழைக்குப் பின் காலி மனையில்கூடப் பச்சை தெரியும். இரண்டில் எது உண்மை என்று கேட்டால் இரண்டும்தான். மாதத்தை அறிக்கையில் எழுதிவிடுங்கள், முடிந்தால் இரண்டு பருவத்திலும் பறக்கவிடுங்கள்.

படி 6: தரைக்குறிகள், பிறகு பறப்பு

ட்ரோனில் உள்ள சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். வளாகத்துக்குள் சதவீதம் மட்டும் போதும் என்றால் இது பெரிய குறையில்லை, ஏனென்றால் வரைபடம் முழுவதும் சேர்ந்தே நகரும். அடுத்த ஆண்டு வரைபடத்தோடு மரத்துக்கு மரம் ஒப்பிட வேண்டும் என்றால் தரைக்குறிகள் தேவை. 60 செ.மீ. கறுப்பு வெள்ளைக் கட்டப் பலகைகளை ஐந்தாறு இடத்தில், ஓரங்களிலும் நடுவிலும் வைத்து, நில அளவைக் கருவியால் அவற்றின் இருப்பிடத்தைப் பதிவு செய்யுங்கள். இன்னும் இரண்டைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தால் பிறகு பிழையைப் பார்க்க உதவும். அளவைக் கருவி கிடைக்காவிட்டால் சாக்கடை மூடி, ஆடுகளக் கோட்டு மூலை போன்று அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருக்கப்போகும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் நாளில் மறக்கக் கூடாதது வீடு திரும்பும் உயரம். தொடர்பு அறுந்தால் ட்ரோன் நேர்கோட்டில் திரும்பி வரும், வழியில் நீர்த்தொட்டிக் கோபுரம் இருக்கிறதா என்று எல்லா ட்ரோனும் பார்க்காது. வளாகத்தின் மிக உயரமான பொருளுக்கு மேல் 20 மீட்டராவது வையுங்கள், 120ஐயும் தாண்டாதீர்கள். இரும்புக்கம்பி நிறைந்த கான்கிரீட் தளத்திலிருந்து கிளப்பினால் திசைகாட்டி குழம்பும், மண் தரை நல்லது. பேட்டரி 30 சதவீதம் வந்ததும் இறக்குங்கள். பருந்தோ காக்கையோ துரத்தினால் அன்றைக்கு அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், பக்கத்தில் கூடு இருக்கும். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் வானத்தைப் பார்க்க வேண்டும். வந்து கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல மூன்றாவது ஆள் இருந்தால் ரொம்ப நல்லது.

வீட்டுக்குப் போவதற்கு முன் அங்கேயே மடிக்கணினியில் படங்களைத் திறந்து பாருங்கள். மங்கலாக இருந்தால் அப்போதே மறுபடி பறக்கலாம்.

படங்களைத் தைப்பதற்கு வெப்ஓடிஎம் என்ற மென்பொருள் இலவசம். 500 படம் என்றால் 32 ஜிபி ராம் உள்ள கணினி இருந்தால் நிம்மதி. மெட்டாஷேப், பிக்ஸ்4டி போன்றவை காசு கொடுத்து வாங்க வேண்டியவை, பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு துறை ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வெளியே வருவது மூன்று: நேர்மேலிருந்து பார்த்த ஒரே பெரிய படமான ஆர்த்தோமொசைக், மரம் கட்டடம் எல்லாம் சேர்ந்த மேற்பரப்பு உயர வரைபடம், அவற்றை நீக்கிய தரை உயர வரைபடம். மூன்றையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறவுங்கள். திறந்ததும் ஒரு டென்னிஸ் களத்தின் வெளிக்கோட்டை அளந்து பாருங்கள். 23.77 மீட்டருக்கு 10.97 மீட்டர் வர வேண்டும். அரை மீட்டர் தள்ளி வந்தால் தையலில் எங்கோ கோளாறு, மேலே போகாதீர்கள்.

படி 7: பச்சையைப் பிரிப்பது

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது, பச்சையைக் கணினி கொண்டு பிரிக்காதீர்கள், நீங்களே புள்ளி எண்ணுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் வளாக எல்லைக்குள் 400 புள்ளிகளைக் கண்டபடி தூவச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கி மரம், புதர், புல், வெறும் மண், தார், கூரை, நீர் என்று குறியுங்கள். மரத்தின் மேல் விழுந்த புள்ளிக்கு அடியில் என்ன தரை என்பதையும் தனியாகக் குறித்தால் இரண்டு அடுக்கும் ஒரே வேலையில் முடிந்துவிடும். 400இல் 160 மரம் என்றால் 40 சதவீதம், கூட்டியோ குறைத்தோ 5. இந்தப் பிழை அளவு எளிய புள்ளியியல் சூத்திரத்திலிருந்து வருகிறது. புள்ளிகள் 200தான் என்றால் அது 7 ஆகிவிடும். ஒரு மதியத்தில் முடியும் வேலை, யார் கேட்டாலும் விளக்கவும் முடியும்.

வரைபடமாகவே வேண்டும் என்றால்தான் கணினி வகைப்பாடு. வண்ணப் படத்துக்கு 'எக்சஸ் கிரீன்' என்ற குறியீடு உண்டு. ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துவிட்டு, பச்சையை இரட்டித்து மற்ற இரண்டையும் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஓர் இலைப் பிக்சல் சிவப்பு 90, பச்சை 130, நீலம் 70 என்று இருந்தால் குறியீடு 0.345. சிமென்ட் தரை 150, 148, 145 என்றால் 0.002. பிரித்துவிடலாம், சரி. இப்போது பச்சை வண்ணம் பூசிய ஆடுகளம் ஒன்று 60, 120, 80 என்று இருக்கட்டும். குறியீடு 0.385. மரத்தைவிடப் பச்சை!

இந்த இடத்தில்தான் பல வளாகங்களின் சதவீதம் வீங்குகிறது. செயற்கைப் புல் மைதானம், பச்சைத் தகரக் கூரை, நிழல் வலை, பாசி படிந்த குளம், எல்லாம் பசுமையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பல்நிறமாலைக் கேமரா காசுக்கு மதிப்புத் தருவது இங்கேதான். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்பும். சிவப்பில் 5 சதவீதம், அகச்சிவப்பில் 45 சதவீதம் திருப்பினால், இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் என்டிவிஐ குறியீடு 0.8. பூச்சும் நெகிழியும் அந்த உயரத்துக்கு வராது. பாசியை மட்டும் அதுவும் பிடிக்காது, ஏனென்றால் பாசியும் உயிருள்ளதுதான். குளத்தின் எல்லையைக் கையால் வரைந்து வெட்டுங்கள். அந்தக் கேமராவைப் பயன்படுத்தினால் பறக்கும் முன்னும் பின்னும், எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று முன்பே தெரிந்த அளவீட்டுப் பலகையைப் படம் எடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் இன்றைய எண்ணை அடுத்த ஆண்டு எண்ணோடு ஒப்பிட முடியாது. அது இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஆடுகளங்களையும் கூரைகளையும் கையால் வரைந்து நீக்க ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

மரத்தையும் புல்லையும் நிறம் வைத்துப் பிரிக்க முடியாது, உயரம் வைத்துப் பிரிக்கலாம். மேற்பரப்பு உயரத்திலிருந்து தரை உயரத்தைக் கழித்தால் பொருளின் உயரம் வரும். பச்சையாக இருந்து 2 மீட்டருக்கு மேல் என்றால் மரம், அரை மீட்டருக்குக் கீழ் என்றால் புல், நடுவில் புதர் என்று தொடங்கலாம். அடர்ந்த தோப்பில் கேமராவுக்குத் தரை தெரியாது, மென்பொருள் ஊகித்து நிரப்பும். சமதள வளாகத்தில் பரவாயில்லை, மேடு பள்ளம் உள்ள இடத்தில் மர உயரத்தை நம்ப வேண்டாம். மாடித் தோட்டம் பதினைந்து மீட்டர் 'மரமாக' வந்து நிற்கும், கட்டட எல்லைகளை வைத்து அதைத் தனி வகையாக்குங்கள்.

படி 8: நடந்து போய்ப் பாருங்கள்

வகைப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு வகையிலிருந்தும் சில புள்ளிகளை எடுத்து, வகைப்பாடு செய்யாத ஒருவரிடம் கொடுங்கள். கணினி என்ன சொன்னது என்று அவருக்குத் தெரியக் கூடாது. சந்தேகமான புள்ளிகளுக்கு அவர் நேரில் போகட்டும். மொத்தத் துல்லியம் 90 சதவீதம் என்று மகிழ்ந்துவிடாமல் வகைவாரியாகப் பாருங்கள். மரம் நன்றாக வந்திருக்கும், புதர் பாதி தப்பியிருக்கும். கட்டட நிழலுக்குள் இருக்கும் புல்தான் வழக்கமாகக் காணாமல் போகும்.

நேரில் போகும்போது மேலிருந்து தெரியாத ஒன்றும் தெரியும். வரைபடத்தில் அழகான புல்வெளி, சுற்றிலும் கம்பிவேலி, பூட்டு. அதுவும் பசுமைதான், ஆனால் யாரும் உட்கார முடியாத பசுமை. இதற்கென்று ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

நிலைத்தன்மைக்கு இதை வைத்து என்ன செய்யலாம்

நகர மர வளர்ப்பு ஆய்வாளர் செசில் கோனைனெண்டைக் 2021இல் முன்வைத்த 3-30-300 விதியை வளாகத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம்: ஜன்னலிலிருந்து 3 மரம் தெரிய வேண்டும், பகுதியில் 30 சதவீதம் மர நிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். 30 நேரடியாகக் கிடைத்துவிட்டது. வளாகம் முழுமைக்கும் ஒரே எண் எடுக்காமல் துறைவாரியாக, விடுதிவாரியாகப் பிரித்தால்தான் எங்கே மரம் நட வேண்டும் என்று தெரியும்.

தரை உயர வரைபடத்தில் மழைநீர் ஓடும் பாதையைக் கியூஜிஐஎஸ் வரைந்து தரும். மேற்பரப்பு உயர வரைபடத்தில் எந்தக் கூரையில் நிழல் விழாமல் சூரியத் தகடு வைக்கலாம் என்று பார்க்கலாம். வெப்பக் கேமரா இருந்தால் தார்ச்சாலைக்கும் மர நிழலுக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆனால் அது அளப்பது மேற்பரப்பு வெப்பம், நாம் உணரும் காற்றின் வெப்பம் வேறு. பளபளக்கும் உலோகக் கூரை பொய்யாகக் குளிர்ச்சி காட்டும்.

கார்பன் கணக்கில் மட்டும் அவசரப்படாதீர்கள். மரத்தின் எடையை ஊகிக்கும் சூத்திரங்களுக்குத் தண்டின் விட்டம் வேண்டும், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்தது. அது மேலிருந்து தெரியாது. மரக்கட்டையின் அடர்த்தியும் வேண்டும், அதற்கு இனம் தெரிய வேண்டும். தாவரவியல் துறை மாணவர்களை நாடாவோடு அனுப்பிச் சில நூறு மரங்களை அளந்தால், அப்புறம் ட்ரோன் தரும் உயரத்தையும் தலையின் அகலத்தையும் அதோடு இணைக்கலாம். அதுவரை அறிக்கையில் டன் கணக்கு எழுதாதீர்கள்.

கடைசியாக, எதைச் சேமிப்பது. வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிடுவது வழக்கமாக நடக்கிறது, மென்பொருள் மேம்பட்டால் மறுபடி தைக்க வழியில்லாமல் போகும். மூலப் படங்கள், பறப்புத் திட்டக் கோப்பு, வளாக எல்லைக் கோப்பு, புள்ளிகளும் அவற்றின் குறிப்புகளும், முதல் படியில் எழுதிய அந்த ஒரு பக்கம், எல்லாம் ஒரே கோப்புறையில், தேதியோடு இருக்கட்டும். மாணவர்கள் படித்து முடித்துப் போய்விடுவார்கள், அதனால் கோப்புறை ஒருவரின் மடிக்கணினியில் இருக்கக் கூடாது, நூலகத்தின் சேமிப்பகத்தில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே உயரம், அதே ஓவர்லாப், அதே வரையறை.